துரை வீட்டு நாய் எங்களை வேண்டாம் என்ற கதை

எல்லாக் குடும்பத்திலும் ஒரு வரன் தட்டிப்போன கதை இருக்கும். பெண் கறுப்பு என்றார்கள், பையனுக்குப் பல் தூக்கல் என்றார்கள், சீர் போதாது என்றார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் குடும்பத்தை வேண்டாம் என்று சொன்னது ஒரு நாய். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபம்தான். இத்தனை வருஷமாகியும் ஆறாத கோபம். (ஆறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பாதீர்கள்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பினாங்குத் தீவில் என்னைவிடப் புத்திசாலி கிடையாது என்று எனக்கு ஓர் எண்ணம். குயின் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மூன்று வயது மகள் மரகதம். கீழே கதீஜாக்காவின் குடும்பம். அவர் கணவர் மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கிராணி, குமாஸ்தா வேலை. கப்பல் வந்துவிட்டால் மூட்டைக் கணக்கு எழுத ராத்திரியெல்லாம் அங்கேதான் கிடப்பார். அந்த ராத்திரிகளில் மாடியில் ஆண்துணை கிடையாது என்பது தெருவில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். திருடனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் பின்பக்கச் சன்னல் திறந்து கிடக்கிறது. பித்தளைக் குடத்தைக் காணோம். அவருடைய ஆபீஸ் கோட்டைக் காணோம். போகட்டும், சனியன். மரகதத்தின் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணையும் காணோம். யோசித்துப் பாருங்கள். என் பக்கத்தில், என் கைக்கு அடியில் படுத்திருந்த பிள்ளையின் இடுப்பில் எவனோ ஒருவன் கையை வைத்துக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றோடு எனக்குத் தூக்கம் போயிற்று. கப்பல் வந்தால் அரிவாள்மனையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். எலி ஓடினாலும் தூக்குவேன், பிள்ளை புரண்டு படுத்தாலும் தூக்குவேன். (பிள்ளைக்குத் திருடனைவிட நான்தான் பெரிய ஆபத்து என்று பிற்பாடு தோன்றியது.) அவர் காலையில் வந்து என் கண்களைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிப்பார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

இப்படியிருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"தனம், நம்ம கவலை தீர்ந்துச்சு. எங்க துரை சீமைக்குப் போறாரு. அவரு நாயை நமக்குத் தர்றாராம்."

"உங்களக் கேட்டாரா, சொன்னாரா?"

"துரை எங்க கேப்பாரு? சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க் யூ சார்னேன்."

அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார். சம்பள உயர்வு இந்த வருஷமும் கிடையாது என்று துரை சொன்னபோதும் இதையே சொல்லிவிட்டு வந்தவர்.

நாயின் பெயர் மேஜர் என்றார். கன்றுக்குட்டி உயரம் இருக்குமாம். தலையே ஒரு பலாக்காய் அளவு இருக்குமாம். அது ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததில் தபால்காரர் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினாராம். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பலாக்காய்த் தலைக்குப் பக்கத்தில் என் மரகதத்தை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அவள் ஆடி ஓடுகிற பிள்ளை. வாலைக் கண்டால் இழுப்பாள். கண்ணைக் கண்டால் விரலை விடுவாள். திருடன் அரைஞாணோடு போனான். இது பிள்ளையையே கொண்டுபோனால் யாரிடம் கேட்பது? ஆனால் நாய் வேண்டாம் என்றால் மறுபடியும் அரிவாள்மனைதான். வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை.

கீழே போய்க் கதீஜாக்காவிடம் சொன்னேன். மரகதம் பாதி நாள் அவர் வீட்டில்தான் இருப்பாள். அவர் பிள்ளைகளோடு உருண்டு, அவர் கையால் சோறு தின்று, மத்தியானம் அங்கேயே தூங்கிவிடுவாள். கதீஜாக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தனம், எனக்கு ஒன்மேல ஒரு வருத்தமும் இல்லலா. நீ ராத்திரி முழிச்சிருக்கிறது எனக்கும் தெரியும். ஆனா நாய் எச்சில் பட்டா நாங்க ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு போட்டுக் கழுவணும். பாப்பா நாயத் தொட்டுட்டு நேரா இங்கதான் ஓடி வரும். நான் புள்ளைய வராதேன்னு சொல்ல முடியுமா? சொன்னா எனக்கே சோறு எறங்காது. தெனமும் அதக் கழுவிக் கழுவித்தான் உள்ள விடணும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாய் மேலே வந்தால் என் பிள்ளைக்குக் கீழே இருக்கிற வீடு போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கே நாய் வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான்தான் புத்திசாலியாயிற்றே! அவர் துரை முகத்தில் முழித்து மாட்டேன் என்று சொல்ல மாட்டார். ஆகவே நாய் வராதபடி வேறு ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

"பிள்ளை இருக்கிற வீடு. சும்மா ஒரு உசுரைக் கொண்டாந்து விட முடியாது. பிள்ளை ஜாதகத்தோட நாய் ஜாதகம் பொருந்துதான்னு பார்த்துட்டுத்தான் சேர்க்கணும்," என்றேன்.

நாய்க்கு ஏது பிறந்த நேரம்? தெருவில் எந்த நாயாவது தன் குட்டி பிறந்த நாழிகையைக் குறித்து வைத்திருக்கிறதா? இதோடு பேச்சு முடிந்தது என்று நிம்மதியாக அடுப்பு மூட்டப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். முகமெல்லாம் மறுபடியும் பல்.

"கெடைச்சிருச்சு! துரை அவரு சம்சாரம் மேம்கிட்ட கேட்டுச் சொன்னாரு. மேஜர் கொடிமலை பங்களாவுல பொறந்துச்சாம். தேதி, கெழமை, மணி எல்லாம் மேமுக்கு மனப்பாடம். அப்பன் பேரு, பாட்டன் பேருகூடச் சொன்னாங்களாம்."

என் மாமனாருக்கே பிறந்த தேதி தெரியாது. 'பெரிய புயல் அடிச்ச வருஷம்' என்பார். துரை வீட்டு நாய்க்கு மணி நிமிஷத்தோடு தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போது வந்த எரிச்சலை அடுப்பில் போட்டிருந்தால் ஒரு பானை சோறு வெந்திருக்கும்.

பொருத்தம் பார்க்க அவருடைய சித்தப்பா வந்தார். சித்தப்பா அச்சாபீஸில் வேலை செய்தவர். வருஷா வருஷம் பஞ்சாங்கத்துக்கு எழுத்துக் கோத்துக் கோத்து, தாமே சோதிடர் ஆகிவிட்டதாக அவருக்கு நினைப்பு. (பஞ்சாங்கத்தில் பிழை இருந்தால் சோதிடமும் பிழை. அந்தப் பிழையைச் செய்தவரும் அவரே.) பலகையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோலவே பார்த்தார். நாய்க்கும் மூன்று வயதுப் பெண்ணுக்கும் பார்க்கிறோம் என்ற கூச்சம் அவருக்குத் துளியும் இல்லை.

"அம்மாடி, நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் உண்டு, தெரியுமில்ல? பாப்பா திருவாதிரை. திருவாதிரைக்கு மிருகம் நாய். அந்த நாய் அனுஷம். அனுஷத்துக்கு மிருகம் மான்."

"அப்படின்னா?"

"அப்படின்னா நம்ம பாப்பா நாய், அந்த நாய் மான். ரெண்டும் ஜென்மப் பகை."

எனக்குப் பால் வார்த்ததுபோல் இருந்தது. "பகைன்னா சேர்க்கக் கூடாதுதானே?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"யாருக்கு ஆபத்துன்னு பாக்கணும்லா. மானுக்குத்தானே ஆபத்து? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நாம பொண்ணு வீட்டுக்காரங்க. நமக்கென்ன? தாராளமா எடுக்கலாம்."

ஜாதகம் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் நான். தாராளமாக எடுக்கலாம் என்றும் சொல்லியாகிவிட்டது. நானே தோண்டிய குழிக்குள் நானே ஏணி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் மட்டும் சித்தப்பாவுக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்தி, "தேங்க் யூ சித்தப்பா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி துரை வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிள்ளையையும் அழைத்துவர வேண்டுமாம். மேம் பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு யோசனை இருந்தது. நேரில் நாயைப் பார்ப்பது, பிள்ளை பயந்து அழுவாள், அதைக் காரணமாகச் சொல்லி மரியாதையாக வேண்டாம் என்றுவிடுவது. முடிவு செய்யப் போகிறவர்கள் நாங்கள் என்ற மிதப்பு.

மரகதத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மையிட்டேன். பாவாடை அழுக்காகும் என்று காலையிலிருந்து ஒன்றும் தின்னக் கொடுக்கவில்லை. துரை வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்கண்டு எல்லாம் வைத்து ஒரு தாம்பாளம். ராகு காலம் கழித்து ரிக்‌ஷாவில் ஏறினோம். பங்களா தண்ணீர்மலைப் பக்கம். வழியெல்லாம் அவர் என்னிடம், "மேம் மலாய்ல பேசுவாங்க. நீ பாசார்ல பேசுற மலாயே போதும். வெடுக்குனு மட்டும் எதுவும் பேசிறாத," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எப்போது வெடுக்கென்று பேசினேன்?

பங்களா வாசலில் ஒரு பெரிய வெராந்தா. மூன்று பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் மேம். இன்னொன்றில் அவருடைய தொப்பியும் பின்னல் கூடையும். மூன்றாவதில் மேஜர்.

ஆமாம், நாற்காலியில். அடியில் மெத்தை. மேலே மின்சார விசிறி. பலாக்காய்த் தலையைக் கைப்பிடியில் சாய்த்துக்கொண்டு, ஓய்வூதியம் வாங்கிய நீதிபதிபோல் எங்களைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் இரவல் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, அதற்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இடுப்பில் பிள்ளை, கையில் தாம்பாளம், நானும் நின்றேன். உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. தாம்பாளத்தை வாங்கிக்கொள்ளக்கூட ஒரு கை வரவில்லை.

மேம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மேஜர் எங்கே படுக்கும்? வீட்டில் விசிறி உண்டா? வெக்கை அதற்கு ஆகாதே. குளிக்கத் தனித் தொட்டி உண்டா? ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர், "யெஸ், யெஸ்" என்றார். எங்கள் வீட்டில் விசிறி என்றால் பனையோலை விசிறிதான். அதையும் வீசுகிறவள் நான். தொட்டி என்றால் கீழே கதீஜாக்காவும் நாங்களும் பங்கு வைத்துக் குளிக்கிற தொட்டிதான்.

தினமும் மத்தியானம் மாட்டிறைச்சி வேகவைத்து ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்றார் மேம்.

"யெஸ்," என்றார் இவர்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். மாட்டிறைச்சி எங்கள் வீட்டுப் படியேறாது. நாய் கதீஜாக்கா வீட்டுப் படியேறாது. மேலே சமைக்கவும் முடியாது, கீழே சாப்பிட வைக்கவும் முடியாது. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துதான் மேஜர் சாப்பிட வேண்டும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் யெஸ்.

பிறகு மேம் மரகதத்தை ஏற இறங்கப் பார்த்தார். பல்லைப் பார்த்தார், கையைப் பார்த்தார். இந்தப் பிள்ளை அடிக்குமா? கத்துமா? மேஜரின் வாலை இழுக்குமா? மேஜர் மென்மையான மனசு உள்ளது, அதட்டினால் சாப்பிடாது என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் நாயைப் பார்க்க வரவில்லை. நாய்க்கு எங்களைப் பார்க்கிறார்கள். என் பிள்ளைக்கு நாயால் ஆபத்து வருமா என்று நான் நாள் கணக்கில் தூங்காமல் குழம்பியிருக்க, நாய்க்கு என் பிள்ளையால் தொந்தரவு வருமா என்று இவர் விசாரணை நடத்துகிறார். எனக்கு உச்சந்தலையில் தீ வைத்ததுபோல் இருந்தது. தேங்காய் தட்டிலே தாளம் போட்டது.

அந்த நேரம் பார்த்துச் சீனச் சமையற்காரர் ஒரு தட்டு நிறையப் பிஸ்கோத்து கொண்டுவந்து வைத்தார். மேம் ஒன்றை எடுத்து மேஜருக்குக் கொடுத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் மேஜருக்கே கொடுத்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த என் பிள்ளை அந்தக் கை தட்டுக்கும் நாய்க்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பிஸ்கோத்து," என்றாள்.

"சும்மா இரு கண்ணு," என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்கு மன்னிக்க மனமில்லை.

அவள் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். பிடிக்க என் கையில் ஏது இடம்? நேராக நாற்காலிக்குப் போனாள். மேஜரின் வாயில் பாதியும் வெளியில் பாதியுமாக ஒரு பிஸ்கோத்து. மரகதம் வெளியில் இருந்த பாதியைப் பிடித்தாள். மேஜர் உறுமியது. தாம்பாளத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தேங்காய் உருண்டு படியில் தடதடவென்று இறங்கியது. நான் எட்டுவதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

மரகதம் மேஜரைக் கடித்துவிட்டாள்.

இடது காதில். நன்றாக, கரும்பு கடிப்பதுபோல. அந்த நாய் போட்ட ஊளை இருக்கிறதே, தண்ணீர்மலை உச்சிவரை கேட்டிருக்கும். தபால்காரரை விரட்டிய அந்த மேஜர், நாற்காலியிலிருந்து குதித்து, மேமுடைய கவுனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நடுங்கியது. (திருடன் வந்தால் இதை நாங்கள்தான் ஒளித்துவைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கும்.) மரகதம் கையில் கிடைத்த பிஸ்கோத்தோடு காலியான நாற்காலியில் ஏறி, மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எங்களில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைக்கு என்னவாயிற்று என்று பார்த்தாரா? கவுனைப் பார்த்துக் குனிந்து, "சாரி, மேஜர் சார்," என்றார்.

மேம் நாயின் காதை விரித்து விரித்துப் பார்த்தார். ரத்தம் இல்லை. பிறகு என் பிள்ளையைக் காட்டி, "சாக்கிட்?" என்று கேட்டார். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா, கடித்தால் நாய்க்கு ஏதும் வருமா என்று! நாய் கடித்தால் மனிதர்கள் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தீர்ப்பும் சொன்னார்.

"மேஜர் தா சுக்கா."

மேஜருக்குப் பிடிக்கவில்லையாம்.

அவ்வளவுதான். வெடுக்கென்று பேசாதே என்று சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. பாதி மலாய், பாதி தமிழ், கோபம் மட்டும் முழுசாக ஆரம்பித்தேன். "மேஜருக்குப் பிடிக்கலையா? எங்களுக்கு மட்டும் பிடிச்சிருக்கா? பசிச்ச பிள்ளைய நிக்க வெச்சுட்டு நாய்க்கு ஊட்டுற கையி எப்படி வருது உங்களுக்கு? எம் புருஷன் வந்ததுலேருந்து நிக்கிறாரு, கண்ணு தெரியுதா?" என்று கேட்டேன். மேமுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சத்தம் புரிந்திருக்கும். அத்தோடு விட்டேனா? மேசையில் இருந்த பிஸ்கோத்துத் தட்டை அப்படியே எடுத்து மரகதத்தின் மடியில் வைத்தேன்.

"தின்னுடி ராசாத்தி. பூரா தின்னு."

அவள் தின்றாள். மேம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். சமையற்காரர் மெல்ல என் பக்கத்தில் வந்து குனிந்து மலாயில் சொன்னார், அது நாய்க்கென்று தனியாகச் சீமையிலிருந்து வரவழைத்த பிஸ்கோத்து, எலும்புத்தூள் போட்டது, மனிதர்கள் தின்பதில்லை என்று.

நீங்களாக இருந்தால் தட்டைத் திரும்ப வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பீர்கள். நான் இருபத்திரண்டு வயதுப் புத்திசாலி. "எனக்குத் தெரியும்," என்றேன் நிமிர்ந்து. தெரியும் என்பதற்குச் சாட்சியாக நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மரப்பட்டையை மென்றதுபோல் இருந்தது. பல்லுக்கு அசையவில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் மேம் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். பிறகு சமையற்காரரிடம், "உப்புப் பத்தல," என்றேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காலித் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, படியிறங்கினேன். தேங்காயையும் பொறுக்கிக்கொண்டேன். என் தேங்காயை அவர்களுக்கு எதற்கு விட வேண்டும்?

ரிக்‌ஷாவில் திரும்பினோம். எனக்குள் கோபம் வடிய வடியப் பயம் ஏறியது. வேலை போய்விடும். துரை நாளைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். திட்டட்டும், இரண்டு வார்த்தை திட்டினால் நானும் அழுதுவிடலாம் என்று காத்திருந்தேன். பாதி வழியில் அவர் மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

"எந்தக் காதும்மா கடிச்சே?"

அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"இன்னொண்ணும் இருந்துச்சேம்மா," என்றார். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரோ அழுகிறாரோ என்று நான் கேட்கவில்லை.

வேலை போகவில்லை. துரை கப்பலேறுகிற வரை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் துறைமுகம் முழுக்க, 'மேஜரைக் கடிச்ச கிராணி' என்று இவருக்குப் பெயர் வந்துவிட்டது. கடித்தது இவரல்ல என்று விளக்கப் போய், பிள்ளை கடித்தது, பெண்சாதி பிஸ்கோத்து தின்றது எல்லாம் ஊருக்குத் தெரிந்துபோனது. சித்தப்பா மட்டும், "மானுக்குத்தான் ஆபத்துன்னு நான் அப்பவே சொல்லல?" என்று தெருத்தெருவாகச் சொல்லி, நாலைந்து வீட்டில் ஜாதகம் பார்க்கிற வேலையும் பிடித்துக்கொண்டார். என் மானத்தில் அவர் தொழில் தழைத்தது.

அன்று சாயங்காலமே கதீஜாக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் தனம், பின்னாடி சன்னலுக்கு ரெண்டு இரும்புக் கம்பி போட்டா என்ன?"

"இத ஏங்க்கா இத்தன நாளா சொல்லல?"

"நீங்க எல்லாரும் நாயப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்க. கம்பியப் பத்தி யாரு கேட்டா?"

மறுநாள் கொல்லர் வந்து கம்பி போட்டார். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வேலை முடிந்தது. அன்று ராத்திரி கப்பல் வந்தது. நான் அரிவாள்மனையைச் சமையற்கட்டில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் எழுந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நாய், ஒரு ஜாதகம், ஒரு மேம், ஒரு பிஸ்கோத்து, இவ்வளவும் ஒரு சன்னல் கம்பிக்காக.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது துண்டைப் போட்டு நாற்காலி பிடித்து வைத்திருந்தால், வயதானவர்கள் நிற்க வாலிபர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால், இவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாயை எழுப்பு," என்பார். நான் சத்தமாகவே சொல்வேன். மருமகன்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சொல்லப் பழகிக்கொண்டார்கள். கதை தெரியாத விருந்தாளிகள் மேசைக்கு அடியில் குனிந்து நாயைத் தேடுவார்கள்.

உலகச் சண்டையெல்லாம் ஓய்ந்து, நடுவில் ஓடிப்போயிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்த பிறகு, மரகதம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனாள். வெள்ளைக்காரத் தலைமையாசிரியை. காலையில் போனவள் மத்தியானம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நாயை எழுப்பிட்டேன்," என்றாள்.

அந்த அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலியாம். அதில் அந்த அம்மாளின் கைப்பை. இவளை நிற்க வைத்தே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது கேள்விக்கு இவள் கைப்பையை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாள்.

"வேலை?" என்றேன்.

"இல்லைன்னுட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பள்ளிக்கூடம், எவள் அவள், இப்போதே போய்க் கேட்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். மரகதம் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடும்மா. இல்லைன்னு சொன்னப்ப நான் உட்கார்ந்துகிட்டுத்தான் கேட்டேன்."